ஹுன்னஸ்கிரிய அளவைக் கல்

சுகிர்தா ஓடும் பஸ்ஸிலிருந்து குதித்தாள்.

கண்டி மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் தெல்தெனிய பஸ் சற்றே வேகம் தணித்த நேரம், முன்வாசலில் இரண்டு பொலிஸ்காரர்கள் ஏறினார்கள். பின்வாசலில் நின்றவள் அதைக் கண்டதும் யோசிக்கவில்லை. கால் தரையில் பட்டது, உடல் பின்னால் சாய்ந்தது, கைப்பை எங்கோ பறந்தது. அவள் தலை நடைபாதைக் கல்லில் மோதுவதற்குள் ஒரு கை அவளைப் பிடித்து நிறுத்தியது.

“ஓடுற பஸ்ஸுல இருந்து குதிக்கிறதுக்கு ஒரு முறை இருக்கு தங்கச்சி,” என்றார் கைக்குச் சொந்தக்காரர். “பஸ் போற பக்கமே பார்த்து எறங்கணும். பின்பக்கம் பார்த்து எறங்கினா நேரே ஆஸ்பத்திரி.”

அவர் இராமையா. அதே தெல்தெனிய வழியில் முப்பது வருடம் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற மறுநாளே வீட்டில் இருக்கப் பிடிக்காமல், தனியார் விசாரணை செய்யும் மஸாஹிராவிடம் உதவியாளராகச் சேர்ந்துகொண்டவர். பறந்த கைப்பையைப் பொறுக்கிக் கொடுத்தபோதுதான் முகத்தைப் பார்த்தார்.

“நீ பாலம்மா மக இல்ல? ஹுன்னஸ்கிரிய, நாலாம் நம்பர் லயம்?”

“மாமா, என்ன பொலிஸ் தேடுது.”

“எந்த பொலிஸ்?”

“எல்லா பொலிஸும்.”

இராமையாவின் கண்கள் பளபளத்தன. வேறொருவராயிருந்தால் விலகிப் போயிருப்பார். அவர் அவளைக் கூட்டிக்கொண்டு, கொழும்பு வீதிக் கண்ணாடிக் கடைக்கு மேலிருந்த மஸாஹிராவின் அலுவலகப் படிகளில் இரண்டிரண்டாக ஏறினார்.

*

மஸாஹிராவுக்கு வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. காப்புறுதிக் கம்பனி ஒன்றுக்காக, பள்ளத்தில் உருண்ட லொறிகளையும் தீப்பிடித்த கடைகளையும் பார்த்து யார் பொய் சொல்கிறார்கள் என்று கண்டுபிடிப்பதே பல காலம் அவருடைய தொழில். எதற்கும் அவசரப்படாதவர். சுகிர்தா மூச்சிரைக்க உள்ளே வந்து நின்றபோதும் அவர் இஞ்சி பிளேன்டீயை ஊற்றி, கதிரையை இழுத்துப் போட்டு, “குடிங்க மகள். பொறகு செல்லுங்க,” என்றார்.

சுகிர்தா சொன்னாள்.

இலங்கையும் இந்தியாவும் சேர்ந்து செய்யும் திட்டமொன்றின் கண்டி அலுவலகத்தில் அவள் மொழிபெயர்ப்பாளர். ஹுன்னஸ்கிரிய மலையிலிருந்து தேயிலையையும் ஆட்களையும் இறக்க ஒரு கேபிள் கார், அதற்கு ஒரு புதிய பாதை, மலை முகட்டில் இரு நாடுகளின் பாதுகாப்புப் பிரிவுகளும் பயன்படுத்தும் ஒரு தொடர்புக் கோபுரம். சனிக்கிழமை கண்டியில் கையெழுத்து. கோபுரம் எங்கே வருகிறது என்பது மட்டும் இரகசியம். அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, அதற்குள் யாரும் குடியிருக்கக் கூடாது என்று ஒப்பந்தத்தின் பின்னிணைப்பில் எழுதியிருந்தது.

செவ்வாய்க்கிழமை இரவு அந்த வட்டம் எல்லோருடைய போனிலும் வந்துவிட்டது. செய்மதிப் படத்தின் மேல் சிவப்புக் கோட்டில் கோபுரம், கேபிள் கார் தூண்கள், பாதை. தோட்டத் தொழிலாளர்களின் வீட்டு வரிசையான நாலாம் நம்பர் லயத்தை வட்டம் அப்படியே விழுங்கியிருந்தது. மறுநாள் ஹுன்னஸ்கிரியவில் சனம் வீதியை மறித்துவிட்டது.

“படம் பொய்னு அலுவலகத்துல சொல்றாங்க. உண்மையான படத்த எடுத்து, சனத்தக் கிளப்பிவிடறதுக்காக யாரோ திரிச்சிருக்காங்களாம். லயத்துல பொறந்தவ நான் ஒருத்திதான் அங்க இருக்கேன். அதனால நான்தானாம்.” அவள் கோப்பையை இரண்டு கைகளாலும் பற்றியிருந்தாள். “பாதுகாப்பு இரகசியத்த வெளிய விட்ட குற்றம். பின்னேரம் கொழும்புல இருந்து ஆள் வருது, கூட்டிட்டுப் போக. போனா திரும்பி வர எத்தனை வருஷமாகும்னு தெரியாது மிஸ்.”

“படம் ஒங்கட கையில ஈந்ததா?”

“ஒருநாளும் இல்ல. படம் வரையிறது ஷிஹாப். இந்தியாவுல இருந்து வந்த இஞ்சினியர் தனசேகர் சார்கிட்ட ஒரு பிரதி. நான் பின்னிணைப்ப தமிழாக்கினேன், அவ்வளவுதான். ஒரு துண்டுக் கடதாசியக்கூட வெளிய கொண்டு போனதில்ல.”

“மனப்பாடமா ஈக்கிதா?”

“இருக்கு. சனிக்கிழமை ரெண்டு நாட்டு ஆக்களுக்கு முன்னால நான்தான் வாசிக்கணும். தடுமாறக் கூடாதில்ல? கடைசிப் பந்தி மட்டும் திங்கட்கிழமைதான் கைக்கு வந்துச்சு. அதையும் பாடமாக்கிட்டேன்.”

மஸாஹிரா தொலைபேசியை எடுத்தார். “இன்ஸ்பெக்டர் அபேகோன்? மஸாஹிரா. நீங்க தேடுற புள்ள எனக்கிட்டதான் ஈக்கிது. இப்ப கூட்டிக்கொண்டு வாறேன்.”

சுகிர்தா எழுந்துவிட்டாள். கோப்பை சாய்ந்து தேநீர் மேசையில் ஓடியது. “நீங்களுமா? உங்கள நம்பித்தானே...”

“ஓடினா நீங்கதான் கள்ளி, மகள். உக்காந்தீந்தா, கள்ளியெண்டு அவங்கதான் நிரூபிக்கோணும்,” என்றார் மஸாஹிரா, மேசையைத் துடைத்தபடி. “பின்னேரம் மட்டும் எனக்குத் தாங்க.”

*

திட்ட அலுவலக வாசலில் ஓர் இளைஞன் சோற்றுப் பார்சலோடு நின்றுகொண்டிருந்தான். சுகிர்தாவைக் கண்டதும் ஓடி வந்தான்.

“சதீஸ்,” என்று அறிமுகப்படுத்தினாள் சுகிர்தா. குரல் முதல்முறையாக உடைந்தது. “தையில எங்களுக்குக் கல்யாணம். எங்க லயத்துக்காரருதான், கொழும்புல கட்டட வேல செய்றாரு. விஷயம் கேட்டதும் லீவு போட்டுட்டு வந்துட்டாரு.”

“சாப்பிட்டியா?” என்றான் சதீஸ். அவள் முகத்தைப் பார்க்காமல் பார்சலை நீட்டினான். “நான் இங்கதான் இருப்பேன். எங்கயும் போக மாட்டேன்.”

“மாப்பிள்ளன்னா இப்படி இருக்கணும்,” என்றார் இராமையா மஸாஹிராவின் காதருகே. “என் மருமகனும் இருக்கானே.”

உள்ளே இன்ஸ்பெக்டர் அபேகோன் மட்டக்களப்பில் வேலை செய்த காலத்தில் பழகிய தமிழில் வரவேற்றார். படவரைஞர் ஷிஹாப் எழுந்து, “வாங்க தாத்தா,” என்றான். பக்கத்திலிருந்த தனசேகர் திடுக்கிட்டுத் திரும்பினார். கண்டி முஸ்லிம்கள் அக்காவை அப்படித்தான் அழைப்பார்கள் என்பது, வந்து ஒரு வருடமாகியும் அந்த மதுரைக்காரருக்குப் பழகவில்லை.

“ஒங்கட படத்த எனக்குக் காட்ட ஏலாது, தெரியும்,” என்றார் மஸாஹிரா. “நீங்களே பாருங்க. பாத்து ஒரு கேள்விக்கு மட்டும் பதில் செல்லுங்க. போன்ல வந்த படம் எங்கெங்க பிழை?”

“எல்லாமே பிழைதான். கோபுரம் பிழை, தூண் பிழை...”

“எவ்வளவு பிழை, எந்தப் பக்கம்?”

ஷிஹாப் முகத்தைச் சுளித்தான். தன் படத்தை உள்ளறையிலிருந்து எடுத்து வந்து, எல்லோருக்கும் முதுகு காட்டியபடி ஜன்னல் கண்ணாடியில் வைத்தான். போன் படத்தை அதே அளவில் பெரிதாக்கி அச்சிட்ட தாளை அதன் மேல் போட்டான். வெயில் இரண்டையும் ஊடுருவியது. சற்று நேரம் தாளை அங்குமிங்கும் நகர்த்தினான். பிறகு அவன் கை நின்றது.

“அல்லாஹ்,” என்றான்.

“என்ன?”

“கொஞ்சம் மேற்கால தள்ளினா எல்லாம் சரியாப் பொருந்துது தாத்தா. கோபுரம், தூண், பாதை எல்லாம். தெல்தெனியப் பக்கக் காவல் வாயில் மட்டும் இதுல இல்ல. மத்த எல்லாமே ஒரே அளவு கிழக்கால போயீக்கிது.”

“அப்ப திரிச்சதுதான்!” என்றார் இராமையா உற்சாகமாக.

“திரிக்கிறவன் ஒண்டத் திரிப்பான், இராமையா அண்ணன். லயத்தப் பிடிக்கோணுமெண்டா வட்டத்த மட்டும் நகத்தினாப் போதும். இவன் மலையையே நகத்தீக்கிறான்.” மஸாஹிரா தனசேகரிடம் திரும்பினார். “பின்னிணைப்புல இடங்கள எப்பிடிக் குறிச்சீக்கிறீங்க? செய்மதி எண்ணாலயா?”

“படத்துலதான் செய்மதி எண் மேடம். பின்னிணைப்புல அப்படி இல்ல. படிக்கிறவங்களுக்குப் புரியணும்ல? அளவைக் கல் ஒன்றிலிருந்து இந்தத் திசையில இத்தனை மீட்டர்னு எழுதுவோம்.”

“அந்தக் கல் எங்க ஈக்கிது?”

“நாலாம் நம்பர் லயத்துக்கு மேல, முகட்டுல. நானே நட்டேன்.”

மஸாஹிரா கார்ச் சாவியை எடுத்தார்.

*

மஸாஹிரா கார் ஓட்டுவது இராமையாவுக்கு ஒரு தண்டனை. மகியங்கனை வீதியில் சைக்கிள்காரர்கள் கூட அவர்களை முந்திக்கொண்டு போனார்கள்.

“மிஸ், இந்த வளைவுல நம்ம பஸ் ஒருநாளும் பிரேக் போட்டதில்ல.”

“அதாலதான் ஒங்கட பஸ் ரெண்டு தரம் பள்ளத்துல கெடந்த. ரெண்டு தரமும் கணக்குப் பாக்க வந்தது நான்தான்.”

இராமையா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

முகட்டில் கல் இல்லை. தனசேகர் சொன்ன இடத்தில் மண் பிளந்து, ஓர் ஆள் இறங்கக்கூடிய வெடிப்பு ஓடியது. அதன் விளிம்பில் ஒரு சதுரக் குழி. யாரோ பக்குவமாகத் தோண்டி எடுத்த குழி.

கல் கிடைத்தது கிழக்கே, லயத்துக்குப் போகும் பாதையில், மாரியம்மன் கோயிலுக்குப் பக்கத்தில். மஞ்சள் பூசி, சிவப்புத் துணி கட்டி, முன்னால் ஒரு சூலம் நட்டிருந்தது. அருகே கோயில் பூசாரி மூக்கையா விளக்குத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“இது எந்த சாமி ஐயா?” என்று கேட்டார் இராமையா.

“பேரு தெரியாதுங்க. எல்லச்சாமின்னு கூப்பிடுறோம்,” என்றார் மூக்கையா. “போன வருஷம் இந்தியாவுல இருந்து பெரிய பெரிய இஞ்சினியருங்க வந்தாங்க. மேல இந்தக் கல்ல நட்டாங்க. தேங்கா ஒடச்சு, சந்தனம் குங்குமம் வச்சு, சூடம் காட்டி விழுந்து கும்பிட்டாங்க. படிச்ச மனுசங்களே கும்பிட்டா அது சும்மா கல்லா இருக்குமா? கும்பிட்டுட்டு அவங்க பாட்டுக்குப் போயிட்டாங்க. வெளக்கு வைக்க ஆளில்ல. நாங்க அப்படியே விட்ரலாங்களா?”

“இங்க எப்பிடி வந்த?” என்றார் மஸாஹிரா.

“தீவாளி மழையில மேல மண்ணு வெடிச்சிருச்சு தாயி. சாமி சரிஞ்சா தோட்டத்துக்கே ஆகாதுன்னு தப்படிச்சு, தூக்கியாந்து இங்க வச்சோம். லயமே தெரண்டு வந்துச்சு. பாலம்மா மக சுகிர்தா இருக்கே, அந்தப் பாப்பாதான் பால் கொடம் எடுத்துச்சு.”

“அலுவலகத்துக்குச் செல்லல்லையா?”

“சாமிக்கு எடம் மாத்துறதுக்கு அலுவலகம் எதுக்குங்க?”

மஸாஹிரா, “நான் தொடலாமா?” என்று கேட்டார்.

“தொடுங்க தாயி. சாமிதானே.”

அவர் துணியை மெல்ல விலக்கினார். மஞ்சளுக்கு அடியில், கொங்கிறீட்டில் ‘1’ என்று வெட்டியிருந்தது. உச்சியில் குங்குமத்துக்குள் ஒரு பித்தளை ஆணி.

“மிஸ்!” இராமையா துள்ளினார். “ரெண்டு நாட்டு ஒப்பந்தமே பால் குளிச்சிட்டு நிக்குது!”

“தீவாளிக்கு எல்லாரும் வந்தாங்களா?” மஸாஹிரா பூசாரியிடம்தான் பேசினார்.

“பெரும்பாலும் வந்தாங்க. நம்ம சதீஸ் தம்பிக்குத்தான் லீவு கெடைக்கல. ஆனா பாருங்க, செவ்வாக்கெழம வந்துச்சு. வீட்டுக்குக்கூடப் போகாம நேரா சாமிகிட்டதான் வந்துச்சு. சூடம் கொளுத்திட்டு, கையில போன வச்சுக்கிட்டு, மல முழுக்கச் சுத்திச் சுத்தி வந்துச்சு. பாவம், கல்யாணக் கவல.”

இராமையா குழியையும் கல்லையும் படம் எடுப்பதில் மும்முரமாக இருந்தார். அவர் திரும்பிப் பார்த்தபோது மஸாஹிரா லயத்தை நோக்கி நடந்துகொண்டிருந்தார்.

பாலம்மாவின் வீடு வரிசையில் மூன்றாவது காம்பிரா, ஓர் அறையும் அடுப்படியும். மஸாஹிரா உள்ளே போனார். அடுப்படியில் இரண்டு பெண்களின் குரல் தாழ்ந்து கேட்டது. பிறகு ஒரு குரல் மட்டும். பிறகு அதுவும் இல்லை. இராமையா வாசலில் நின்று இருமிப் பார்த்தார், பயனில்லை.

வெளியே வந்தபோது மஸாஹிராவின் முகத்தில் வழக்கமான அமைதி இல்லை. பின்னால் பாலம்மா, நல்ல சேலை கட்டி, கையில் ஒரு துணிப்பையோடு.

“மகளப் பார்க்க வர்றாங்களா? நல்லது, நல்லது,” என்றார் இராமையா. “உள்ள என்ன மிஸ் பேசினீங்க?”

மஸாஹிரா காரைக் கிளப்பினார். அன்றுதான் முதல்முறையாக அவர் வேகமாக ஓட்டினார்.

*

கொழும்பிலிருந்து வந்த வாகனம் முற்றத்தில் நின்றது. உள்ளே நீள மேசையைச் சுற்றி எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். மஸாஹிரா கேட்டுக்கொண்டதால் சதீஸையும் உள்ளே அழைத்திருந்தார்கள். அவன் சுகிர்தாவுக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தான். பாலம்மாவை வெளியே வாங்குப் பலகையில் உட்கார வைத்துவிட்டு வந்து மஸாஹிரா பேசத் தொடங்கினார்.

“படத்த ஒத்தரும் திரிக்கல்ல. அத வரைஞ்சவன் நேர்மையாத்தான் அளந்தீக்கிறான். பிழையான இடத்துலீந்து அளந்துட்டான்.”

கல்லின் கதையைச் சொன்னார். தேங்காய் உடைத்த இடம் வந்ததும் தனசேகர் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். “எங்க ஊர்ல முதல் கல் நட்டா ஒரு தேங்கா உடைக்காம வேலைய ஆரம்பிக்க மாட்டோம் மேடம். அதப் போய்...”

“நீங்க கும்பிட்டுட்டு வந்துட்டீங்க. அவங்க விடாமக் கும்பிட்டாங்க. அவ்வளவுதான்,” என்றார் மஸாஹிரா. “இப்ப பாருங்க. கல் நகந்த அளவுதான் படமும் நகந்தீக்கிது, அதே கிழக்குப் பக்கம். அப்ப வரைஞ்சவனுக்கிட்ட ஈந்தது படம் இல்ல. கல்லிலீந்து இத்தன மீற்றர் எண்ட வார்த்தைதான். ஷிஹாபுக்கிட்டயும் இஞ்சினியருக்கிட்டயும் படமே ஈக்கிது. மலையேறிப் போய் அளக்க அவங்களுக்கு என்ன பைத்தியமா?”

“இந்தப் பெண்கிட்ட வார்த்தை இருந்தது,” என்றார் அபேகோன்.

“ஈந்தது. ஆனா கல்ல எடம் மாத்தினப்ப பால் குடம் தூக்கினது இவதான். அந்தச் சாமிதான் அளவைக் கல்லெண்டு இவக்குத் தெரியாட்டி, இவ அதுலீந்து அளந்தீக்க ஏலாது. தெரிஞ்சீந்தா, எடம் மாறின கல்லிலீந்து அளந்தீக்க மாட்டா. ரெண்டுல எதுவெண்டாலும் அளந்தது இவ இல்ல.”

சுகிர்தா வாயைப் பொத்திக்கொண்டாள். “எல்லச்சாமியா... கல்லு?”

“லயத்து ஆக்களும் இல்ல. அவங்களுக்கு அது சாமி. அப்ப யாரு? அளவைக் கல்லக் கண்டா அளவைக் கல்லெண்டு தெரிஞ்ச ஒராள். கட்டட வேல செய்ற ஒராள். தோட்டத்துல எங்க நடந்தாலும் ஏனெண்டு கேக்காத ஒராள். ஆனா தீவாளிக்கு வராததால, கல் எடம் மாறினது தெரியாத ஒராள்.” மஸாஹிரா சற்று நிறுத்தினார். “செவ்வாய்க்கெழம சாமிக்குச் சூடம் கொளுத்தினீங்களே, தம்பி. கும்பிட்டீங்களா, அளந்தீங்களா?”

சுகிர்தா மெதுவாகத் திரும்பிச் சதீஸைப் பார்த்தாள். அவன் அவளைப் பார்க்கவில்லை. காலையிலிருந்தே பார்க்கவில்லை என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

“நீங்களா?” என்றாள்.

“வட்டம் நம்ம லயத்து மேல விழுந்துச்சு சுகி. என் கண்ணால பார்த்தேன். சனத்துக்குத் தெரியணும்னு போட்டேன். உன் மேல வரும்னு சத்தியமா நெனைக்கல.”

“வந்துச்சே! நேத்தே வந்துச்சே! சோத்துப் பார்சலத் தூக்கிட்டு வந்து நின்னீங்களே, அப்ப சொல்லியிருக்கலாமே? என்ன ஜீப்புல ஏத்திட்டு போனப்புறம் சொல்ல இருந்தீங்களா?”

சதீஸ் மேசை விளிம்பை நகத்தால் கீறினான்.

“மன்னிக்கோணும்,” என்று குறுக்கிட்டார் அபேகோன். “அளந்தது இவர். சரி. வார்த்தை எப்படிக் கிடைச்சது இவருக்கு? அதுதானே குற்றம். தமிழ் வார்த்தை ஒரே ஆளிடம்தான் இருந்தது.” அவர் சதீஸிடம் குனிந்தார். “யார் சொன்னது?”

சதீஸ் உதட்டைக் கடித்தான்.

“நான் ஒரு வார்த்தை சொன்னேனா உங்ககிட்ட?” சுகிர்தா மேசையில் அடித்தாள். “சொல்லுங்க! நான் சொன்னேனா?”

“இல்ல,” என்றான் அவன்.

“அப்ப யாரு?”

அவன் தலையைக் குனிந்துகொண்டான். அபேகோன் பெருமூச்சு விட்டார். “காதலன் காதலியைக் காப்பாத்தத்தான் செய்வான். இவர் வேற பேர் சொல்லாவிட்டால், மிஸ் மஸாஹிரா, நான் இரண்டு பேரையும் வண்டியில் ஏற்றணும்.”

சுகிர்தா மஸாஹிராவைப் பார்த்தாள். மஸாஹிரா தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். இராமையாவுக்கு அது விளங்கவில்லை. ஒரு வழக்கின் முடிவில் அவர் இப்படித் தயங்கியதே இல்லை.

“படத்துல காவல் வாயில் இல்ல,” என்றார் மஸாஹிரா கடைசியில். “கோப்பிலீந்து எடுத்தீந்தா அதுவும் வந்தீக்கும். காவல் வாயில் ஈக்கிற கடைசிப் பந்தி இந்தப் புள்ளட கைக்குத் திங்கட்கெழமதான் வந்த. அதுக்கு முந்தின சனி, ஞாயிறு இவ எங்க ஈந்த? பாடமாக்கினதச் சத்தமா எங்க செல்லிப் பாத்த?”

“வீட்டுலதான்,” என்றாள் சுகிர்தா. “அடுப்படியில. பாத்திரம் கழுவிக்கிட்டே சொல்லிப் பார்ப்பேன். கதவச் சாத்திட்டுத்தான். சதீஸ் அப்ப கொழும்புல. பக்கத்துக் காம்பிராவுல ஆளே இல்ல. அங்க வேற யாரு...”

அவள் நிறுத்திவிட்டாள்.

மஸாஹிரா எழுந்து போய்க் கதவைத் திறந்தார்.

பாலம்மா உள்ளே வந்தாள். துணிப்பையைத் திறந்து, மகள் வாங்கிக் கொடுத்த போனை எடுத்து மேசை மேல் வைத்தாள். “இவ பாடமாக்கிச் சொன்னத இதுலதான் புடிச்சேன்,” என்றாள் இன்ஸ்பெக்டரிடம். “புடிச்சு இந்தத் தம்பிக்கு அனுப்பினேன். எம் மகளுக்குத் தெரியாது. தம்பிய வைய வேணாம். எம் பேரச் சொல்லக் கூடாதுன்னு நான்தான் சத்தியம் வாங்கினேன்.”

அபேகோன் பேனாவைக் கீழே வைத்தார்.

“அம்மா,” என்றாள் சுகிர்தா. “நீ கேட்டியேம்மா. நம்ம லயம் போகுமான்னு அன்னைக்கே கேட்டியே. ஒன்னும் ஆகாதுன்னு நான் சொன்னேனே.”

தனசேகர் எழுந்து நின்றார். “அவங்க சொன்னது உண்மைங்கம்மா. எங்க படத்துல அந்த வட்டம் புல்மேட்டு மேலதான் விழுது. அதுக்குள்ள ஒரு வீடு கிடையாது. கல் இருந்த இடத்துல இருந்திருந்தா...”

பாலம்மா அவரை ஏறிட்டுப் பார்த்தாள். கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

“அப்ப நெசந்தானா?” என்றாள்.

“நெசம்தான்மா! நான் உங்கிட்டப் பொய் சொல்வேனா? பெத்த மக சொல்றத நம்பாம, நான் பேசினத திருட்டுத்தனமா புடிச்சு... ஏம்மா?”

பாலம்மா மகளைப் பார்த்தாள். அந்த அறைக்குள் வந்ததிலிருந்து இப்போதுதான் பார்த்தாள்.

“உனக்கு நான் சொன்னதில்ல பாப்பா. எனக்கு ஒரு அக்கா இருந்துச்சு. பார்வதி. அவளுக்கு அப்ப பதினேழு வயசு. ரெண்டு நாடும் பேசி ஒப்பந்தம் போட்டாச்சு, இந்தியாவுக்குப் போக வேண்டியவங்க போகணும்னு சொன்னாங்க. எங்க வீட்டுல அவளக் கட்டிக்கொடுத்த குடும்பத்துக்குத்தான் பேரு வந்துச்சு. தலைமன்னார்ல கப்பல் ஏறுற வரைக்கும் அழுதா. ‘ஒன்னும் ஆகாது தாயி, கொஞ்ச நாள்ல கூப்பிட்டுக்குவோம்’னு சொல்லி ஏத்திவிட்டாங்க. அதுக்கப்புறம் அவ உசிரோட இருக்காளா இல்லையான்னுகூட எங்களுக்குத் தெரியாது.”

“அரசாங்க ஆளுங்க சொன்னதுக்கு நான் என்னம்மா பண்ணுவேன்?”

“அரசாங்கத்து ஆளு சொல்லல,” என்றாள் பாலம்மா. “ஒன்னும் ஆகாதுன்னு சொன்னது எங்கப்பா. அவளுக்குப் பதிலா கப்பல் டிக்கட்டுக்குக் கைநாட்டு வச்சவரும் அவருதான்.”